அண்ணாந்து குடிக்கும் ஊரில் நாக்குக்கு வைத்தியம்

காஞ்சிபுரத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் டம்ளரில் வாய் வைத்துத் தண்ணீர் குடிப்பவர்களைப் பார்ப்பது அரிது. சொம்பையோ டம்ளரையோ உயரத் தூக்கி, தலையை அண்ணாந்து, உதடு படாமல் ஊற்றிக்கொள்வார்கள். பெரிய காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டிலும் அப்படித்தான், சின்ன காஞ்சிபுரத்து ஐயங்கார் வீட்டிலும் அப்படித்தான், எங்கள் தாமல் பக்கம் ஏர் ஓட்டுகிறவர்களும் அப்படித்தான். வாய் வைத்தால் பாத்திரம் எச்சில். இந்த ஒரு விஷயம் எங்களிடம் இருந்த வெளிநாட்டுப் புத்தகத்தில் இல்லை. அதனால் நாங்கள் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எழுதச் சொன்னது ஒரு இளம் பல் டாக்டர். நாக்கு, உதடு, தாடைத் தசைகளின் கெட்ட பழக்கத்தை மாற்றும் பயிற்சிக்கு இப்போது நீளமாக ஒரு பெயர் இருக்கிறதாம். குழந்தைகள் போனில் படம் பார்த்தே செய்துகொள்கிறார்களாம். "உங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சாம்மா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. "நாக்கு அப்பவும் வாய்க்குள்ளதான்மா இருந்துச்சு" என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்ப எழுதிக் குடுங்க, படிக்கிற பசங்க தெரிஞ்சிக்கட்டும்" என்றாள்.

நான் தாமலில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். பள்ளி முடித்ததும் சென்னையில் பல் சுகாதாரப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. பல்லில் காறை எடுக்கவும், ஈறைப் பார்க்கவும், டாக்டர் கை நீட்டுவதற்கு முன்னால் கருவியை எடுத்துக் கொடுக்கவும் கற்றுக்கொண்டேன். அறுபதுகளின் நடுவில் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியின் பல் பிரிவில் போட்டார்கள். ஊர்க்காரர்கள் என்னைப் பல்லு நர்ஸம்மா என்றார்கள். நான் நர்ஸ் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கடைசியில் அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்க்க ஆரம்பித்தேன்.

நான் வந்து சில மாதம் கழித்து டாக்டர் சுலோசனா மாற்றலாகி வந்தார். ஒல்லியான உடம்பு, கைத்தறிப் புடவை, வாட்ச் கிடையாது. கை கழுவுவதற்கு அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் நான் ஒரு நோயாளிக்குப் பல் சுத்தம் செய்து முடித்துவிடுவேன். மற்ற டாக்டர்கள் நின்றுகொண்டு மேலிருந்து வாயைப் பார்ப்பார்கள். இவர் தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து கீழிருந்து பார்ப்பார். வந்தவுடனே வாயைத் திற என்று சொல்ல மாட்டார். ஊர், தொழில், வீட்டில் என்ன சமையல் என்று பேச வைத்து, அவர்கள் பேசும்போது உதடும் மோவாயும் என்ன செய்கின்றன என்று கவனிப்பார். "வாயைத் திறன்னு சொன்னா நாக்கு உஷாராயிடும், தனம்" என்பார்.

அவர் வாயிலிருந்து வரவே வராத சொல் 'செய்யாதே'. விரல் சூப்பாதே, உதட்டைக் கடிக்காதே, நாக்கைத் துருத்தாதே என்று வீட்டில் ஆயிரம் பேர் சொல்லியும் கேட்காமல்தான் இங்கே வருகிறார்கள், நாமும் அதையே சொல்வதற்கு அரசாங்கம் எதற்குச் சம்பளம் தர வேண்டும் என்று கேட்பார். ஒரு தசையிடமிருந்து ஒரு வேலையைப் பிடுங்கினால் இன்னொரு வேலையைக் கையில் கொடுத்தாக வேண்டும் என்பது அவர் கட்சி.

நாக்குக்கு அவர் கொடுத்த வேலை எளிமையானது. 'மான்' என்று சொல்லி, கடைசி எழுத்தில் அப்படியே நிற்கச் சொல்வார். அப்போது நாக்கு நுனி மேல் முன்பற்களுக்குப் பின்னால், அண்ணத்தில் ஒரு மேட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அதுதான் நாக்கு ஓய்வெடுக்க வேண்டிய இடம். அங்கே ஒரு பொட்டுக்கடலையை வைத்து, நாக்கு நுனியால் தாங்கி, பல்லை லேசாகச் சேர்த்து, உதட்டை மூடி, கடலை நகராமல் எச்சிலை விழுங்க வேண்டும். நாக்கு முன்னால் துருத்தினால் கடலை உருண்டுவிடும். நாளெல்லாம் நாம் விழுங்கிக்கொண்டேதான் இருக்கிறோம். ஒவ்வொரு விழுங்கலுக்கும் நாக்கு முன்பல்லை இடித்தால் பல் பாவம் என்ன செய்யும், விலகித்தான் கொடுக்கும்.

நாக்கு துருத்துகிறதா என்று கண்டுபிடிக்கப் புத்தகம் ஒரு வழி சொல்லியிருந்தது. ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் சொல்லி, விழுங்கும்போது கீழுதட்டை விரலால் மெல்ல விலக்கிப் பார்க்க வேண்டும். நான் எல்லோருக்கும் டம்ளரில் தண்ணீர் கொடுத்தேன். எல்லோரும் அண்ணாந்து ஊற்றிக்கொண்டார்கள். உதடு ஏற்கனவே திறந்திருந்தது, பல் விலகியிருந்தது, நாக்கு கீழே இறங்கி முன்னால் வந்தது. கிழவர், குமரி, குழந்தை, யாரைப் பார்த்தாலும் நாக்கு துருத்தல். டாக்டரும் எழுதிக்கொண்டே வந்தார். ஒரு நாள் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தனம், நீ கொஞ்சம் தண்ணி குடி."

நானும் பானையிலிருந்து எடுத்து அண்ணாந்து குடித்தேன்.

"ஊர் முழுக்க வியாதின்னு எழுதிட்டோம்" என்றார். சிரிக்கவில்லை. எழுதிய அத்தனை பேரையும் திரும்ப வரச் சொல்லி ஆள் அனுப்பினார். அதன் பிறகு தண்ணீருக்குப் பதிலாக ஒரு துண்டு வாழைப்பழம் கொடுத்துப் பார்த்தோம். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுமே இல்லை.

தாடை விஷயத்தில் எனக்கு நினைவிருப்பது ஏகாம்பரம் என்ற நெசவாளர். காது வலி என்று காது டாக்டரிடம் போய், அவர் எங்களிடம் தள்ளிவிட்டிருந்தார். "பல்லு நல்லாத்தான் இருக்குது டாக்டரம்மா. காதுக்குள்ளதான் குத்துது. சாயந்தரமானா சோத்த மெல்ல முடியல" என்றார். டாக்டர் அவரை நாற்காலியிலேயே தறியில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு நெய்து காட்டச் சொன்னார். ஏகாம்பரத்துக்கு வெட்கம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கால் மிதிக்க, கை இழைகளுக்கு நடுவே நாடா வீச, பலகையை இழுத்து இழுத்து அடிக்கிற மாதிரி செய்தார். ஒவ்வொரு அடிக்கும் காதுக்குக் கீழே தாடைச் சதை முண்டாகத் திரண்டது. டாக்டர் அவருடைய விரலையே எடுத்து அந்த இடத்தில் வைத்தார்.

"அட, இதுவும் எங்கூட நெய்ஞ்சிக்கினு இருக்குது" என்றார் ஏகாம்பரம்.

சாப்பிடும்போது தவிர மேல் பல்லும் கீழ் பல்லும் ஒன்றை ஒன்று பார்க்கவே கூடாது என்று டாக்டர் சொல்லி, 'மான்' நிலையில் நாக்கை வைத்துக்கொண்டு நெய்யப் பழக்கினார். பக்கத்தில் உட்கார்ந்து நாடாவுக்கு நூல் தார் சுற்றும் மனைவிக்கு, அவர் தாடையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கொஞ்ச நாள் கழித்து வந்தவர், வலி குறைந்தது, ஆனால் பல்லைக் கடிக்காமல் அடித்தால் கை ஓடவில்லை என்று குறைப்பட்டார். "ஓடும். கைக்கும் கொஞ்சம் நாள் குடுங்க" என்றார் டாக்டர். ஓடத்தான் செய்தது.

இவையெல்லாம் சுலபமானவை. சிரமமான ஒன்று வந்தது. அந்தக் குடும்பம் இன்னும் சின்ன காஞ்சிபுரத்தில் இருப்பதால் கோயிலின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சிறிய பெருமாள் கோயில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் பிற்பகல், நோயாளிகள் எல்லாம் போன பிறகு, இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் வாசலில் நின்றார். குடுமி, பன்னிரண்டு திருமண், மேலே போட்டிருந்த வஸ்திரத்தின் ஓரத்தை வாய்மேல் பிடித்துக்கொண்டிருந்தார். பெயர் கேட்டேன். சொல்வதற்கு முன்னால் வஸ்திரத்தை இன்னும் இறுக்கிக்கொண்டு "ஸ்ரீநிவாசன்" என்றார். அப்படியும் என் கையில் சில துளிகள் பட்டன. நான் பார்க்காதது போல இருந்தேன். அவர் பார்த்துவிட்டார்.

அவர் அப்பா அந்தக் கோயிலின் அர்ச்சகர். இறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. பூஜை முறை, அதாவது பூஜை செய்யும் உரிமை, மகனுக்கு வர வேண்டும். மந்திரங்கள் எல்லாம் பாடம். ஆனால் 'ஸ' வருகிற இடமெல்லாம் எச்சில் தெறித்தது. பெருமாள் திருநாமங்களில் 'ஸ' வராத இடம் எங்கே இருக்கிறது? அர்ச்சனையின்போது பெருமாள் மேல் சாத்தியிருந்த பூவில் துளி விழுந்ததை அவருடைய பெரியப்பாவே பார்த்துவிட்டார். கோயிலின் மூத்த பட்டர் அவர்தான். அன்றைக்கே அர்ச்சனைத் தட்டைக் கையிலிருந்து வாங்கிவிட்டார்.

"பெரியப்பா பேரிலே தப்பு சொல்ல மாட்டேன்" என்றார் ஸ்ரீநிவாசன். "பெருமாள் மேலே படறது. அவர் எப்படி விடுவார்? பங்குனி வரைக்கும் எனக்குப் பதிலா அவரே பண்றேன்னுட்டார். அதுக்குள்ள சரியாகலேன்னா முறை பங்காளி ஆத்துக்குப் போயிடும். நாங்க குடியிருக்கற ஆமும் முறையோட சேர்ந்தது."

வாயில் துணி கட்டிக்கொண்டு செய்யக்கூடாதா என்று நான் கேட்டேன். பெருமாள் காதில் மந்திரம் தெளிவாக விழ வேண்டும், அந்தக் கோயிலில் அப்படி வழக்கமில்லை என்றார்.

டாக்டர் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மேல் முன்பற்களும் கீழ் முன்பற்களும் சேரவே இல்லை. நடுவில் ஒரு இடைவெளி, அதில் நாக்கு கதவிடுக்கில் நிற்கிற ஆள் மாதிரி நின்றது. பழத்துண்டைக் கொடுத்தால் எச்சில் பார்ப்பார் என்று, வெறுமனே விழுங்கச் சொன்னார். விழுங்கியபோது நாக்கு இடைவெளியை அடைத்துக்கொண்டு வெளியே வந்தது. மோவாய்த் தோல் எலுமிச்சம்பழத் தோல் மாதிரி குழி குழியாகச் சுருங்கியது. அண்ணத்தில் பொருந்துகிற மாதிரி கம்பி வைத்த தகடு ஒன்று செய்து போட்டால் நாக்கைத் தடுக்கலாம் என்றார் டாக்டர். வாயில் ஒரு பொருளை வைத்துக்கொண்டு கர்ப்பக்கிருகத்துக்குள் போகக்கூடாது என்றார் ஸ்ரீநிவாசன்.

"சரி. இந்த வயசுல பயிற்சியால மட்டும் பல் நெருங்காது. நாக்கை மட்டும் உள்ளே திருப்பலாம். திரும்பினா தெறிக்கறது நிற்கும்னு நினைக்கிறேன். வாக்குக் குடுக்க மாட்டேன்" என்றார் டாக்டர்.

அர்ச்சனை இல்லாவிட்டாலும் கோயிலில் மற்ற வேலைகள் இருந்ததால், அவர் தினமும் உச்சிக்காலம் முடிந்து கோயில் நடை சாத்திய பின் வந்தார். பொட்டுக்கடலையைத் தன் வீட்டிலிருந்தே பொட்டலமாகக் கொண்டுவந்தார். கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு 'மான்' சொன்னார். நான் சோப்புப் போட்டுக் கழுவிய விரலால் கீழுதட்டைத் தாழ்த்தி, நாக்கு நிற்கிறதா என்று பார்ப்பேன். நான் தொட்டதற்காக வீட்டுக்குப் போய் மறுபடியும் குளிப்பார் என்று எனக்குத் தெரியும். அதை அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. உள்ளுக்குள் எனக்கு எரிச்சல் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவர் மாதிரி உழைத்த நோயாளி எனக்கு வாய்த்ததில்லை. கடலை நகராமல் விழுங்கக் கற்றுக்கொண்டார். பிறகு நாக்கை அந்த இடத்தில் வைத்தபடி 'ஸ'வை மெல்ல ஊதக் கற்றுக்கொண்டார். எங்கள் அறையில் இருக்கும்வரை துளி தெறிப்பது பாதியாகக் குறைந்தது.

மறுநாள் வருவார். பழையபடி நாக்கு வெளியே இருக்கும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவோம். இப்படியே மாசி பிறந்தது, வெயிலும் ஏறியது. வெயில் ஏற ஏற அவருடைய நாக்கு மோசமானது. காரணம் எனக்குப் பிடிபடவில்லை. வீட்டில் பயிற்சி செய்வதில்லையோ என்று சந்தேகப்பட்டேன். ஒரு நாள் டாக்டர் கை கழுவிக்கொண்டே ஜன்னல் வழியாக வெளியே பார்த்தவர், குழாயை மூட மறந்து நின்றார்.

"தனம், அங்க பாரு."

வேப்பமரத்தடியில் ஸ்ரீநிவாசன் தன் வீட்டுக் கூஜாவைத் திறந்து, தலையை அண்ணாந்து, மடக் மடக் என்று தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். வாய் நன்றாகத் திறந்திருந்தது. மூச்சு விடாமல் குடித்து முடித்து, துண்டால் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"நாம ஒரு பக்கம் நெய்யறோம். தண்ணி ஒரு பக்கம் பிரிச்சிப் போட்டுடுது" என்றார் டாக்டர். நாக்கு மற்றவர்களுக்குத் தானாக உள்ளே திரும்பிவிடும், அவர்கள் எப்படிக் குடித்தாலும் பரவாயில்லை. இவருக்கு இத்தனை வருஷம் வெளியே நின்று பழகிய நாக்கு. புதுப் பழக்கம் ஊன்றும்வரை ஒவ்வொரு மிடறும் உதடு மூடி, தலை நிமிர்ந்து விழுங்கினால்தான் உண்டு. டம்ளரில் வாய் வைத்துக் குடிக்க வேண்டும் என்று சொன்னார். "ஆத்துல சம்மதிக்க மாட்டா" என்றார் ஸ்ரீநிவாசன்.

அவருடைய அம்மாவிடம் பேசி வரும்படி டாக்டர் என்னை அனுப்பினார். பெண்ணுக்குப் பெண் சொன்னால் கேட்பார்கள் என்று நினைத்திருக்கலாம். வேதவல்லி அம்மாள் என்னை வாசலைத் தாண்டி ரேழி நடை வரை விட்டார். அதற்கு மேல் நான் போகவில்லை, அவரும் கூப்பிடவில்லை. சின்ன உருவம், கணீரென்ற குரல். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"வாய வெச்சா? எச்சல் பண்ணியா?"

"ஆமாம்மா. கொஞ்ச மாசந்தான்."

"அந்த டம்ளர நான் எங்க வெப்பேன், சொல்லு. இந்த ஆத்துல சாளக்ராமம் எழுந்தருளியிருக்கு. அவன் தோப்பனார் இருந்த வரைக்கும் ஒரு நாள் ஒரு பொழுது மடி தப்பினது கெடையாது. கோயில்ல எச்சல் படறதுன்னு அவனத் தள்ளி வெச்சிருக்கா. அதுக்கு வைத்தியம் ஆத்தையே எச்சல் பண்றதா?"

எனக்குக் கோபம் வந்தது. "அங்க தெறிக்கக்கூடாதுன்னா இங்க வாய் வெச்சித்தாம்மா ஆகணும். வேற வழி எங்களுக்குத் தெரியல. அப்புறம் உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் இறுகியது. முறை போனால் வீடு போகும், வீடு போனால் சாளக்கிராமத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

அந்த நேரம் ஸ்ரீநிவாசன் கோயிலிலிருந்து சாப்பிட வந்தார். என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். "இரு, போயிடாதே" என்று என்னிடம் சொல்லிவிட்டு அம்மாளும் உள்ளே போய்க் கதவை ஒருக்களித்தார். அவர்கள் சாப்பிடுவதை மற்றவர் பார்க்கக்கூடாது என்பது வழக்கம். நான் ரேழியில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே இலை போடும் சத்தம், மந்திரத்தின் முணுமுணுப்பு, சொம்பிலிருந்து கொஞ்சம் தண்ணீர் விழும் சத்தம். பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

"சீனு, இரு. சாதத்துல கை வைக்காதே. இன்னொரு தரம் கைய நீட்டு."

மறுபடி தண்ணீர் சத்தம்.

"தலைய நிமிர்த்திண்டு பண்ணு. ம். இன்னொரு தரம்."

"எத்தனை தரம்மா பண்றது?"

"சொன்னதப் பண்ணேன்டா."

கதவு திறந்தது. அம்மாள் சொம்போடு வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"ஒன்னு கேக்கறேன், யோசிச்சுப் பதில் சொல்லு. நாங்க ஆசமனம் பண்றச்சே உள்ளங்கைல ஒரு உளுந்து முழுகற அளவு தீர்த்தத்த விட்டுண்டு, ஒதட்ட வெச்சு, சத்தம் வராம உறிஞ்சறோம். சாப்பாட்டுக்கு முன்னாடியும் நான் கைல விடறேன், அவன் அப்படித்தான் உறிஞ்சறான். அதுல எச்சல் தோஷம் கெடையாது. கை அவன் கை, அலம்பிண்டா ஆச்சு. தாகத்துக்குக் குடிக்கற தீர்த்தத்தையும் அப்படியே கைல விட்டு விட்டுக் குடிச்சா ஒங்க வைத்தியத்துக்கு ஒத்துக்குமா?"

"என் கையில கொஞ்சம் ஊத்துங்கம்மா" என்றேன். அவர் சொம்பை உயரப் பிடித்து, என் மேல் படாமல், என் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றினார். உறிஞ்சிப் பார்த்தேன். தலை நிமிர்ந்திருந்தது. உதடு கையோடு பொருந்தி மூடியிருந்தது. கொஞ்சமே தண்ணீர் என்பதால் நாக்கு அண்ணத்தில் ஒட்டி நின்றே விழுங்க முடிந்தது. இன்னொரு முறை ஊற்றச் சொன்னேன். சந்தேகமே இல்லை.

"ஒத்துக்கும்மா" என்றேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதுக்கு ஏன் அழறே. அவன் சரியாப் பண்றானா தப்பாப் பண்றானான்னு எனக்கு எப்படித் தெரியும்? அதச் சொல்லிட்டுப் போ."

மோவாயைப் பார்க்கச் சொன்னேன். விழுங்கும்போது தோல் குழி விழுந்து சுருங்கினால் தப்பு, வழவழவென்று இருந்தால் சரி என்று சொல்லிக்கொடுத்தேன். திரும்பி வந்து டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அளவு என்ன சொன்னாங்க?" என்றார். உளுந்து முழுகும் அளவு என்றேன். "நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். எனக்கு உளுந்து தோணியிருக்காது" என்றார்.

அன்றிலிருந்து ஸ்ரீநிவாசன் குடித்த தண்ணீர் அத்தனையும் அம்மா கையால் ஊற்றியது. கூஜாவை விட்டுவிட்டார். தாகம் எடுத்தால் கோயிலிலிருந்து வீட்டுக்கு நடந்து வருவார். ஒரு சொம்பு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கையில் ஊற்றிக் குடிக்க எவ்வளவு நேரமாகும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த அம்மாள் அவ்வளவு நேரமும் நின்று, மகனின் மோவாயைப் பார்த்துக்கொண்டே ஊற்றுவாராம். சுருங்கினால், "எங்கே, திரும்பவும்." வளர்ந்த பிள்ளை, தெருவில் நாலு பேர் பார்க்கிறார்கள் என்றெல்லாம் அவர் நினைக்கவில்லை. எங்களிடம் வரும்போது நாக்கு நேற்று விட்ட இடத்திலேயே இருந்தது. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. பேசும்போது வஸ்திரத்தை வாய்மேல் பிடிக்க மறந்துபோனார். அதை நாங்கள் கவனித்தோம், சொல்லவில்லை.

பங்குனி வந்தது. அவர் பெரியப்பாவிடம் போய், ஒரு முறை பார்க்கும்படி கேட்டிருக்கிறார். பெரியப்பா வீட்டில் உட்காரவைத்து நாமங்களைச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "ஆத்துல சொல்றது வேற, சந்நிதி வேற. நாளைக்குக் காலம்பற நீயே அர்ச்சனை பண்ணு. நான் பக்கத்துலயே நிப்பேன். ஒரு பொட்டு விழுந்தாலும் தட்ட வாங்கிடுவேன், அப்புறம் என்னைக் கேக்கப்படாது" என்றாராம். இதை அவர் எங்களிடம் வந்து சொன்னார். டாக்டர் அவருக்கு எந்த அறிவுரையும் சொல்லவில்லை. நன்றாகத் தூங்குங்கள் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை டாக்டரும் நானும் கோயிலுக்குப் போனோம். கூட்டமில்லை. பெண்கள் நிற்கும் பக்கத்தில் முன்னால் வேதவல்லி அம்மாள் நின்றிருந்தார். எங்களைப் பார்த்துத் தலையை அசைத்தார், பேசவில்லை. நான் கொஞ்சம் தள்ளியே நின்றேன். உள்ளே மூத்த பட்டரான பெரியப்பா, நல்ல உயரம், ஸ்ரீநிவாசனின் தோளுக்குப் பக்கத்தில் நின்றார். ஸ்ரீநிவாசன் திரும்பி யார் பெயருக்கு அர்ச்சனை என்று கேட்க, "பெருமாள் பேருக்கே பண்ணு" என்றார் பட்டர்.

ஸ்ரீநிவாசன் எங்களுக்குப் பக்கவாட்டாக நின்று ஆரம்பித்தார். அந்த இருட்டில் விளக்கு வெளிச்சத்துக்குக் குறுக்கே ஒரு துளி பறந்தாலும் தெரியும். ஒவ்வொரு நாமத்துக்கும் ஒரு துளசி. பட்டர் குனிந்து, பெருமாள் திருவடியில் இருந்த பூக்களைப் பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்தார். 'ஸ'வில் தொடங்கும் நாமங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் என் நாக்கு என் அண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

நடுவில் ஸ்ரீநிவாசனின் குரல் தளர்ந்தது. வாயில் எச்சில் ஊறிவிட்டது என்று எனக்குப் புரிந்தது. மோவாயில் லேசாகக் குழி விழுந்தது. அந்த நொடி என் மணிக்கட்டை ஒரு கை இறுக்கிப் பிடித்தது. வேதவல்லி அம்மாள். சொம்பு நுனிகூட என் மேல் படாமல் தண்ணீர் ஊற்றியவர், எப்போது என் பக்கம் நகர்ந்து வந்தார் என்று தெரியாது. நகம் பதியப் பிடித்திருந்தார்.

ஸ்ரீநிவாசன் நிறுத்தினார். உதட்டை மூடினார். விழுங்கினார். மோவாய் வழவழவென்று இருந்தது. அடுத்த நாமத்தை எடுத்தார்.

பட்டர் இன்னும் சில நாமங்களுக்கு நின்றார். பிறகு தன் கையில் வைத்திருந்த துளசிக் கூடையை ஸ்ரீநிவாசன் பக்கத்தில் வைத்துவிட்டு, கர்ப்பக்கிருகத்திலிருந்து வெளியே வந்து, ஓரமாக உட்கார்ந்து சந்தனக்கல்லை எடுத்து அரைக்கத் தொடங்கினார். அதன் பிறகு அவர் உள்ளே திரும்பிப் பார்க்கவே இல்லை.

அர்ச்சனை முடிந்தது. அம்மாளின் பிடி தளரவில்லை. ஸ்ரீநிவாசன் நெய் விளக்கை ஏற்றி, பெருமாளின் திருமுகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டியபடி எங்கள் பக்கம் திரும்பினார். அம்மாளும் டாக்டரும் நானும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"என்னையே பாத்துண்டு நிக்கறேளே" என்றார். "பெருமாளை சேவிங்கோ."

அப்போதுதான் நாங்கள் மூன்று பேரும் பெருமாளைப் பார்த்தோம்.